கோப்பா ஆடிய ஊர்கள்

திங்கள், நோ-லே-மின்

பாரிஸ் வடக்கு நிலையத்தில் காலை ரயில். லான்ஸ் நகரில் இறங்கி, பெத்தூன் பக்கம் போகும் சின்ன ரயிலுக்கு மாறினேன். வழியெல்லாம் தட்டையான பூமி. பீட்ரூட் வயல், செங்கல் வீடு, மறுபடி வயல். நடுவில் திடீர் திடீரென்று கறுத்த கூம்பு மலைகள். நூறு வருடத்துக்கும் மேலாக நிலக்கரியோடு சேர்ந்து மேலே வந்த கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடுகள் அவை. இங்கே தெரில் என்கிறார்கள். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க வட்டாரத்தையே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நோ-லே-மின் ஊரிலோ, ஒரு தெரிலின் சரிவில் செயற்கை விரிப்புப் போட்டு, பனி இல்லாமலே பனிச்சறுக்கு விளையாட இடம் செய்துவிட்டார்கள். அப்பாக்கள் தோண்டிக் கொட்டிய மேட்டில் பேரப்பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

இந்த ஊரில் 1931 அக்டோபர் 13 அன்று பிறந்தவர் ரேமோன் கோப்பாஷெவ்ஸ்கி. உலகத்துக்குக் கோப்பா, கால்பந்து வீரர். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை பிரெஞ்சுக்காரர்களில் முதன்முதலாக வாங்கியவர். வெளிநாட்டு அணிக்குப் போய், கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) தொடர்ந்து மூன்று முறை வென்றவர். மெஸ்ஸி, எம்பாப்பே காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு விருதின் பெயராக மட்டுமே தெரியும். அவர் ஆடிய ஊர்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இந்த வாரம் லீவு கிடைத்தது.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் இழந்த ஆண்களுக்குக் கணக்கில்லை. சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். 1919-ல் போலந்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, ஆயிரக்கணக்கில் குடும்பங்களை இங்கே கொண்டுவந்தார்கள். கோப்பாவின் குடும்பமும் அப்படி வந்து வேர்விட்டதுதான். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் தொழிலாளர் குடியிருப்புத் தெருக்களில் நடந்தேன். தபால் பெட்டிகளில் இன்றைக்கும் 'ஸ்கி' என்று முடியும் பெயர்கள் தட்டுப்படுகின்றன.

பையனுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை கற்க ஆசை. போலந்துப் பெயர் வைத்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 14 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். 600 மீட்டருக்கும் கீழே, வண்டி தள்ளும் வேலை. ஒரு விபத்தில் இடது கை ஆள்காட்டி விரலின் ஒரு பகுதி போயிற்று. காலில் அடி விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வேலை முடிந்து மேலே வந்து, குளித்துவிட்டு, ஊர் அணியோடு பயிற்சி.

நிலையத்துக்குப் பக்கத்து காபிக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். நான் கோப்பாவைப் பற்றிக் கேட்டதும், "முதலில் இதைச் சொல்லுங்கள். நீங்கள் லான்ஸ் கட்சியா, லீல் கட்சியா?" என்றார். இரண்டும் இல்லை என்றேன். "நல்லது. அந்த இரண்டு பேருமே அவனை எடுக்கவில்லை" என்றார், ஏதோ போன வாரம் நடந்தது மாதிரி. உண்மைதான். லான்ஸ் மைதானம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1949-ல் இளம் கால்பந்து வீரர்களுக்கான தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தும், வடக்கின் பெரிய அணிகள் எதுவும் கதவைத் திறக்கவில்லை. மேற்கே, இரண்டாம் பிரிவில் இருந்த ஆன்ஜே அணிதான் கூப்பிட்டது.

செவ்வாய், லெவார்ட்

இன்று ஒரு பழைய சுரங்கம். தூவே நகரத்திலிருந்து பஸ். இப்போது அது அருங்காட்சியகம். நிஜமாகக் கீழே இறங்குவதில்லை. தரைமட்டத்திலேயே சுரங்க வழிகளைக் கட்டிக் காட்டுகிறார்கள். அதற்கே குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. தொழிலாளர்கள் உடை மாற்றும் கூடத்தில் உடைகளைச் சங்கிலியில் கோத்துக் கூரைக்கு ஏற்றியிருக்கிறார்கள். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான சட்டை, பேன்ட், பூட்ஸ் தொங்குகின்றன.

1906-ல் கூரியேரில் நடந்த விபத்தைப் பற்றிய பகுதியில் நீண்ட நேரம் நின்றேன். ஒரே காலையில் 1,099 பேர். விபத்து நடந்து இருபது நாள் ஆன பிறகு, இருட்டுக்குள்ளிருந்து 13 பேர் உயிரோடு நடந்து வந்தார்கள். இந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கத்தை 1990-ல் மூடிவிட்டார்கள்.

மதியம் தெருவோர வண்டியில் உருளைக்கிழங்கு வறுவல். மாட்டுக் கொழுப்பில் பொரித்தது. இரவு ரீம்ஸ் வந்து சேர நேரமாகிவிட்டது, வேறொன்றும் எழுத இல்லை.

புதன், ரீம்ஸ்

ரீம்ஸ் என்றால் தேவாலயம், ஷாம்பெய்ன். பிரெஞ்சு அரசர்களுக்கு முடிசூட்டிய தேவாலயத்தை எல்லாரும் பார்ப்பது மாதிரி நானும் பார்த்தேன். சிரிக்கும் தேவதைச் சிலையைத் தேடிக் கழுத்து வலித்தது. அப்புறம் நேராக மைதானம்.

ரீம்ஸ் அணியின் மூலம் எதுவென்று பார்த்தால் அதுவும் ஷாம்பெய்ன்தான். பொம்மெரி நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக 1911-ல் தொடங்கிய விளையாட்டுக் கழகம்தான் 1931-ல் ஸ்தாத் தே ரீம்ஸ் ஆயிற்று. மைதானத்துக்கு ஒகுஸ்த் தெலோன் என்று பெயர். தொழிலாளர் விளையாட்டு இயக்கத்தை நடத்தியவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடி 1943-ல் சித்திரவதையில் இறந்தார். இப்போதுள்ள கட்டடம் 2008-ல் முடிந்தது. பழைய ஆட்கள் பார்த்த மைதானம் இது இல்லை. இடம் மட்டும் அதே இடம்.

கோப்பா 1951-ல் இங்கே வந்தார். பயிற்சியாளர் அல்பேர் பத்தோ. அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் பலர் பந்தைக் காலில் வைத்திருப்பவனைத் திட்டுவார்கள்: "விடு, சீக்கிரம் விடு." கோப்பாவின் பலமே பந்தை விடாமல் வைத்திருப்பதில்தான் இருந்தது. ஆள் 1.70 மீட்டர்கூட இல்லை. குட்டைக்கால், கீழே தாழ்ந்த உடம்பு, சட்டென்று திரும்புவார். இரண்டு பேர் பின்னால் வந்ததும்தான் பந்தை விடுவார், அதற்குள் இன்னொருவனுக்கு இடம் திறந்திருக்கும். பத்தோ அதைப் புரிந்துகொண்டார், ஆட விட்டார். நான் பார்த்தவரை, கோப்பாவின் வாழ்க்கையில் அவருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் அந்த மனிதர். 1953-லும் 1955-லும் ரீம்ஸ் சாம்பியன். அவர்கள் ஆட்டத்துக்கு 'ஷாம்பெய்ன் கால்பந்து' என்றே பெயர் வந்தது.

இதற்கிடையில் 1952-ல் தேசிய அணி. அக்டோபரில் கொலோம்பில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் ஆட்டம், 3-1 வெற்றி. பிறகு 1955 மார்ச்சில் மாட்ரிடில் ஸ்பெயினை பிரான்ஸ் 2-1 என்று தோற்கடித்தது. அன்று கோப்பா ஆடிய ஆட்டத்தைப் பார்த்த ஓர் ஆங்கிலேய நிருபர் அவரைக் கால்பந்தின் நெப்போலியன் என்று எழுதினார். பார்வையாளர் வரிசையில் அதைவிட முக்கியமானவர்கள் இருந்தார்கள். மாட்ரிட்காரர்கள் அவரை மறக்கவில்லை.

சாயங்காலம் ஒரு ஷாம்பெய்ன் நிலவறைக்குள் போனேன். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து, பல மாடி ஆழம், லட்சக்கணக்கில் பாட்டில்கள். சுரங்கத்திலிருந்து தப்பி வந்த பையன் வந்து சேர்ந்ததும் பூமியைக் குடைந்த ஊருக்குத்தான். வழிகாட்டிப் பெண்ணுக்குக் கோப்பா யாரென்று தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வயது இருபதுகூட இருக்காது.

வியாழன், பாரிஸ்

ரீம்ஸிலிருந்து பாரிஸ் முக்கால் மணி நேரம். ஒன்பதாம் எண் மெட்ரோவில் போர்த் தே சாங்-க்ளூ வரை போய், பார்க் தே ப்ரான்ஸ் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். இன்றிருக்கும் கான்கிரீட் கட்டடம் 1972-ல் திறந்தது. அதற்கு முன் அங்கிருந்த மைதானத்தில் புல்லைச் சுற்றி சைக்கிள் பந்தயப் பாதை ஓடியது. முதல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் அந்தப் பழைய மைதானத்தில்தான், 1956 ஜூன் 13. அந்தக் கோப்பை என்ற யோசனையே பாரிஸ் நாளிதழ் லெகிப்பின் காப்ரியல் ஆனோ எழுதிக் கிளப்பியது.

ரீம்ஸ் எதிர் ரியல் மாட்ரிட். பத்து நிமிடத்துக்குள் ரீம்ஸ் 2-0. லெப்லோன் ஒன்று, தாம்ப்ளேன் ஒன்று. மாட்ரிடின் டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார், அரை மணி நேரத்தில் அதே அணியின் ரியால் என்ற ஆட்டக்காரர் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் மிஷேல் இதால்கோ தலையால் முட்டி 3-2. பிற்காலத்தில் பிளாட்டினி ஆடிய பிரான்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, நாடுகளுக்கான 1984 யூரோ கோப்பையை வாங்கித் தந்த அதே இதால்கோ. கொஞ்ச நேரம்தான், மாட்ரிடின் தற்காப்பு வீரர் மார்க்கிட்டோஸ் முன்னே ஓடி வந்து 3-3. கடைசியில் மறுபடி ரியால். 4-3, மாட்ரிட்.

இதில் ஒரு விசித்திரம். அன்று ரீம்ஸ் சட்டையில் ஆடிய கோப்பா, அடுத்த பருவத்துக்கு ரியல் மாட்ரிடுக்குப் போவது முன்பே முடிவாகியிருந்தது. ஆட்டத்துக்கு முன்பே ஊருக்கும் தெரியும். அவர் மனசு எங்கே இருந்தது என்று அன்றே சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பில் நம்பிக்கை இல்லை. தோற்றால் தன் நகரத்திலேயே துரோகிப் பட்டம், ஜெயித்தால் போகப்போகும் வீட்டில் சங்கடம். அப்படி ஓர் ஆட்டத்தை யாரும் விரும்பி ஆட மாட்டார்கள்.

மைதானக் கடையில் இன்றைய நட்சத்திரங்களின் சட்டைகள். விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளி, மாட்ரிட்

விமானம் மூன்று மணி நேரம் தாமதம். காரணத்தை யாரும் சொல்லவில்லை. பெர்னபேயு போவதை நாளைக்குத் தள்ளிவிட்டு, மதியத்துக்கு மேல் குவாத்ரோ கமினோஸ் பக்கம் நடந்தேன். ரெய்னா விக்தோரியா சாலையின் கோடியில், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கும் இடத்தில், அத்லெத்திகோ அணியின் பழைய மெத்ரோபோலித்தானோ மைதானம் இருந்தது. அறுபதுகளில் இடித்துவிட்டார்கள்.

இங்கே வர ஒரு காரணம் இருக்கிறது. கோப்பாவுக்கு முன்பே மாட்ரிட் ஒரு பிரெஞ்சு ஆட்டக்காரரைக் கொண்டாடியிருக்கிறது. பெயர் லார்பி பென்பாரேக். காசாபிளாங்காவில் பிறந்தவர். மொராக்கோ அப்போது பிரான்ஸின் பாதுகாப்பில் இருந்ததால், 1938-லிருந்து 1954 வரை பிரான்ஸ் அணிக்கு 17 ஆட்டம் ஆடினார். நடுவில் போர் வந்து நல்ல வருடங்களைத் தின்றுவிட்டது. 1948-ல் அத்லெத்திகோ அவரை வாங்கியது. பிரெஞ்சு கோல்கீப்பர் மார்செல் தொமிங்கோவும் அதே அணியில். எலேனியோ எரேராவின் பயிற்சியில் 1950, 1951 இரண்டு வருடமும் ஸ்பெயின் சாம்பியன்.

கறுப்பு முத்து என்று பென்பாரேக்கைச் சொன்னார்கள். 1992-ல் காசாபிளாங்காவில் தனியாக இறந்துகிடந்தார். சில நாள் கழித்துத்தான் தெரியவந்தது. ஃபிஃபா 1998-ல் கௌரவ விருது கொடுத்தது. கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுத்திருக்கலாம்.

சனி, மாட்ரிட்

பெர்னபேயு. பத்தாம் எண் மெட்ரோவில் மைதானத்தின் பெயரிலேயே நிலையம். 1947-ல் திறந்த மைதானம், புதுப்பித்த பிறகு வெளியே பளபளவென்று உலோகத் தகடு சுற்றியிருக்கிறது. காஸ்தெயானா சாலையில் நின்று பார்த்தால் ஒரு விண்கலம் இறங்கி நிற்கிறது. உள்ளே 15 ஐரோப்பியக் கோப்பைகள். கூட்டம் பூராவும் புதுக் கோப்பைகள் பக்கம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கோப்பைகளின் எதிரே நின்றேன். அந்த மூன்றும் கோப்பா ஆடி வென்றவை.

1957-ல் இதே மைதானத்தில் ஃபியோரென்டினாவை 2-0. 1958-ல் பிரஸ்ஸல்ஸில் மிலானை, கூடுதல் நேரத்தில் 3-2. 1959-ல் ஷ்டுட்கார்ட்டில் 2-0. நடுவே 1957, 1958 ஸ்பெயின் லீக் பட்டங்கள்.

சொல்லும்போது லேசாக இருக்கிறது. ஆனால் மாட்ரிட் வந்தபோது அவர் தன் இடத்தையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பா நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவர். அங்கே நடு டி ஸ்டெஃபானோவுக்குச் சொந்தம், அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. கோப்பாவை வலது ஓரத்துக்கு அனுப்பினார்கள். இடது ஓரத்தில் ஹென்டோ. 1958-ல் புஷ்காஷும் வந்து சேர்ந்தார். முணுமுணுக்காமல் ஓரத்தில் நின்று வென்றார். மாட்ரிட்காரர்கள் செல்லமாகக் கோப்பித்தா என்று கூப்பிட்டார்கள். தன் உண்மையான ஆட்டத்தை ஆடக் கிடைத்த இடம் 1958 கோடையில் ஸ்வீடன். உலகக் கோப்பையில் பிரான்ஸின் நடுவில் நின்று பந்தை அளந்து கொடுத்தார். ஜுஸ்த் ஃபோன்தேன் 13 கோல் அடித்தார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை ஒரே உலகக் கோப்பையில் யாரும் தொடவில்லை. அரையிறுதியில் பிரேசில். ஆட்டம் 1-1 என்று இருந்தபோது பிரான்ஸின் தற்காப்பு வீரர் ஜோன்கேவுக்குக் கால் முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் விதி அப்போது கிடையாது. 5-2 தோல்வி. கடைசியில் பிரான்ஸுக்கு மூன்றாம் இடம். ஆண்டு முடிவில் பாலோன் தோர் கோப்பாவுக்கு. பிரான்ஸுக்கு அடுத்தது பிளாட்டினி, 1983-ல்.

1959 இறுதி ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். எதிரே ரீம்ஸ். ஃபோன்தேன், ஜோன்கே, வன்சான், எல்லாம் ஸ்வீடனில் கூட ஆடியவர்கள். வன்சான் மோதியதில் கோப்பாவுக்குக் காலில் அடி, நொண்டிக்கொண்டே மீதி ஆட்டத்தை முடித்தார். அடுத்த பருவம் அவர் போய்ச் சேர்ந்த அணி அதே ரீம்ஸ். ஆக, 1956-ல் போகப்போகும் அணிக்கு எதிராக ஓர் இறுதி ஆட்டம், 1959-லும் போகப்போகும் அணிக்கு எதிராக ஓர் இறுதி ஆட்டம். இப்படி இரண்டு முறை நடந்தது வேறு யாருக்காவது என்று தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் திரும்பினார்? மாட்ரிட் அவரை இருக்கச் சொல்லிக் கேட்டது. அவருக்கு வீடு பிரான்ஸில். இதெல்லாம் எல்லாரும் எழுதியதுதான். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு: மாட்ரிட் ஒப்பந்தம் மூன்று வருடம். மூன்று முடிந்ததும் 'இருக்கிறேன்', 'போகிறேன்' என்று சொல்லும் உரிமை அவர் கையில் இருந்தது. பிரான்ஸில் அப்போது அப்படி ஒன்று கிடையாது. கழகத்தில் ஒரு முறை கையெழுத்துப் போட்டால் 35 வயது வரை அந்தக் கழகத்துக்குச் சொந்தம். விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், ஆட்டக்காரனைக் கேட்க வேண்டியதில்லை. வெளிநாடு போன கோப்பாவுக்குத்தான் அந்த வித்தியாசம் தோலில் தெரிந்திருக்கும்.

திங்கள், ஆன்ஜே

ஞாயிறு முழுக்கத் தூக்கமும் விமானமும். இன்று மோன்பர்னாசிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில்.

வரிசைப்படி பார்த்தால் ஆன்ஜேவுக்கு இரண்டாவதாக வந்திருக்க வேண்டும். 1949-லிருந்து 1951 வரை இங்கே ஆடினார், மனைவி கிறிஸ்தியானைச் சந்தித்ததும் இங்கேதான். கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அவர் வயதான காலத்தைக் கழித்து 2017 மார்ச் 3 அன்று 85 வயதில் இறந்ததும் இதே ஊர். மைதானத்துக்கு அந்த மாதமே அவர் பெயரை வைத்தார்கள். ஆட்டம் இல்லாத நாள். வாசலில் ஒரு காவலாளி, உள்ளே புல் வெட்டும் சத்தம். "கோப்பாவைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "ஆட்டத்துக்கு வருவார் மெஸ்யூ, அமைதியாக உட்கார்ந்து பார்ப்பார்" என்றார்.

அமைதியான மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால்தான் 1963-ல் அவர் பேசியது இடி விழுந்த மாதிரி இருந்தது. ரீம்ஸுக்குத் திரும்பி 1960, 1962 இரண்டு பட்டம் வாங்கியாயிற்று. 1963 தொடக்கத்தில் சின்ன மகன் தெனி புற்றுநோயில் போய்விட்டான். தேசிய அணியில் 45 ஆட்டம், 18 கோலோடு அந்தக் கதையும் முடிந்திருந்தது. அந்தக் கோடையில் ஒரு வாரப் பத்திரிகையில், ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்றார். இருபதாம் நூற்றாண்டில், தன்னைக் கேட்காமலே விற்கவும் வாங்கவும் முடிகிற ஒரே மனிதன் தொழில்முறைக் கால்பந்து வீரன்தான் என்றார்.

லீக் நிர்வாகம் கொதித்தது. ஆறு மாதத் தடை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். பட்டம், பணம், பாலோன் தோர் எல்லாம் இருக்கிற மனிதனுக்கு என்ன அடிமைத்தனம் என்று கேட்டவர்கள் உண்டு. நான் கேட்க மாட்டேன். 14 வயதில் வேறு வேலை கேட்டும் கிடைக்காமல் பூமிக்குள் அனுப்பப்பட்டவன், தன் வாழ்க்கையை இன்னொருவன் தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவன். வேடிக்கை என்னவென்றால், அதே 1963-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்தாம் என்ற ஆட்டக்காரர், நியூகாசில் கழகத்துக்கு எதிராகப் போட்டிருந்த வழக்கில், ஏறக்குறைய இதே முறையை நீதிமன்றத்தில் உடைத்தார். பிரான்ஸில் அதற்கு இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. ஆட்டக்காரர் சங்கம் 1961-லேயே தொடங்கியிருந்தது. வருடக் கணக்கு வைத்த ஒப்பந்தம் 1969-ல்தான் வந்தது.

ரீம்ஸ் 1964-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கோப்பா கூடவே இறங்கினார். 1966-ல் மேலே கொண்டுவந்தார், மறுவருடம் மறுபடி இறங்கினார்கள், அதோடு ஆட்டத்தை நிறுத்தினார். வயது 35. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த அதே வயது. புது ஒப்பந்தம் வந்தபோது அவர் இங்கே ஆன்ஜேயில் தன் பெயரில் விளையாட்டுச் சாமான் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

2018-லிருந்து 21 வயதுக்குட்பட்ட சிறந்த ஆட்டக்காரருக்குக் கோப்பா விருது கொடுக்கிறார்கள். முதலில் வாங்கியவர் எம்பாப்பே. அவர் பின்னாளில் பாரிஸ் அணியோடு போட்ட ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டு, மாற்றுத் தொகை ஏதும் இல்லாமல் ரியல் மாட்ரிடுக்குப் போனார்.